தாள மாற்ற விண்ணப்பம்

சுரங்கம் இடிந்த அன்று டிவியில் செய்தி வாசித்த பெண் மிகவும் அழகாகச் சொன்னார்: "விடுமுறை நாள் என்பதால் சுரங்கத்துக்குள் யாரும் இல்லை. உயிர்ச்சேதம் ஏதுமில்லை." அடுத்த சேனலைத் திருப்பினேன். அங்கே கோட்டு போட்ட ஒருவர் அதே வாக்கியங்களைச் சொன்னார். மூன்றாவது சேனலில் அவை எழுத்தாகக் கீழே ஓடின. புதன்கிழமை விடுமுறை என்பது எனக்குப் புதுச் செய்தி. என் தம்பிக்கும் புதுச் செய்தியாகத்தான் இருந்திருக்கும். அவன் காலை ஏழு மணிக்கே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருந்தான். சுரங்கம் இடிந்தது ஒன்பது மணிக்கு. விடுமுறையை அறிவித்தது மத்தியானம் இரண்டு மணிக்கு.

நான் பிளம்பர். சுரங்க வேலைக்குத் தண்ணீர் அனுப்பும் பம்ப் ரூம் என் பொறுப்பு. அங்கிருந்து இரண்டு அங்குல இரும்புக் குழாய் ஒன்று மலைக்குள் போகிறது. ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்து, வால்வை மூடிவிட்டுக் குழாயில் காதை வைத்தேன். டக் டக் டக் என்று ஏழு தட்டு. ஒரு நிறுத்தம். மறுபடியும் ஏழு. ஸ்பேனரை எடுத்து நானும் ஏழு தட்டினேன். உள்ளேயிருந்து கடகடவென்று ஓர் உருட்டல் வந்தது. எங்கள் குழுவில் அதற்கு 'சரிதான், மேலே போ' என்று அர்த்தம். அப்படி உருட்டுகிறவன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான், என் தம்பி. சின்ன வயதில் வீட்டில் ஒரு தகரத்தையும் விட்டுவைக்காததால் அவனுக்கு டப்பா என்றே பெயர் நின்றுவிட்டது. உள்ளே ஏழு பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று டப்பா சொல்லிவிட்டான்.

குழு என்றேனே, அது மூன்று பேர்தான். நான் பாடுவேன், தம்பி தட்டுவான், செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பெண் கிடார் வாசிப்பாள். எங்கள் தெருவில் அவளைக் கிடார்க்காரி என்றுதான் சொல்வார்கள். எந்த ரேடியோவும் எங்களைக் கூப்பிட்டதில்லை. மூடிய ஆலை, திறக்காத ஆஸ்பத்திரி என்று ஏதாவது ஒன்றைப் பற்றிப் பாட்டுக் கட்டி, பஸ் ஸ்டாண்டில் பாடி, செல்போனில் ஏற்றிவிடுவோம். நாற்பது பேர் பார்ப்பார்கள். அதில் பத்துப் பேர் திட்டுவார்கள்.

குழாய்ச் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு முதலில் பத்திரிகை ஆபீசுக்குப் போனேன். அவர்கள் சுரங்க இன்ஜினியருக்குப் போன் போட்டார்கள். குழாயில் காற்று அடைத்திருக்கிறது, அந்தச் சத்தம்தான் இது என்றார் அவர். இருபத்திரண்டு வருடமாகக் குழாயில் காற்று அடைக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காற்று ஏழு வரைக்கும் எண்ணாது.

சுரங்க வாசலில் துளைக்கும் இயந்திரம் ஒன்று புத்தம் புதிதாக நின்றது. பக்கத்திலேயே அதன் ஓட்டுநர்.

"ஆர்டர் வந்தா அஞ்சு நிமிஷத்துல ஸ்டார்ட் பண்ணிடுவேண்ணே," என்றார். "ஆனா ஆளே இல்லாத எடத்துல தோண்டச் சொல்லி யாரு ஆர்டர் போடுவாங்க?"

அப்போதுதான் கிடார்க்காரி சொன்னாள்: "அண்ணே, நமக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். பாடுவோம்."

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் பாடினோம். பெரிய பாட்டு ஒன்றுமில்லை.

உள்ளே ஏழு பேர், ஊருக்கு யாருமில்லை,
தட்டும் கை தளரும் முன்னே தோண்டுங்கடா மலையை.

பாட்டுக்குத் தாளம் குழாய்ச் சத்தம். பதிவை ஓடவிட்டு அதன் மேல் பாடினோம். இரண்டாவது முறை பாடுவதற்குள் போலீஸ் வந்து ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டது. இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"பாட வேணாம்னு யாரு சொன்னா? வாரியத்துல அனுமதி வாங்கிட்டுப் பாடுங்க. இன்னொரு தடவ அனுமதி இல்லாமப் பாடுனா அந்தப் பம்ப் ரூம் சாவியையும் சேத்து வாங்கிடுவேன்."

சாவி போனால் தம்பி போய்விடுவான். ஏனென்றால் அந்தக் குழாய் வழியாகத்தான் தண்ணீரும் குளுக்கோசும் உப்பும் உள்ளே போய்க்கொண்டிருந்தன. தம்பி மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. குளுக்கோஸ் பாக்கெட்டுகளை அவள் கொண்டுவருவாள். தொட்டியில் கரைத்து, வால்வைக் கால் திருப்புத் திறந்து, மெதுவாக அனுப்புவேன். போய்ச் சேர்ந்ததும் உள்ளேயிருந்து ஓர் உருட்டல் வரும். அவள் அதைக் கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவாள்.

எதிர்ப்புப் பாடல் ஊக்குவிப்பு வாரியம் ஊரின் நடுவே நான்கு மாடிக் கட்டடத்தில் இருக்கிறது. அங்கே அனுமதி வாங்கினால் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு அவர்கள் அரங்கத்தில் ஐந்து நிமிடம் பாடலாம். எல்லா ரேடியோவும் எல்லா டிவியும் அதை நேரடியாக ஒலிபரப்பியே ஆகவேண்டும். சட்டம் அப்படி. பம்ப் ரூமிலிருந்து ஒரு செல்போனை வைத்துக் குழாய்ச் சத்தத்தை அப்படியே அரங்கத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறேன் என்றாள் கிடார்க்காரி. நாடு முழுவதும் அந்தத் தட்டைக் கேட்டுவிட்டால் தோண்டாமல் இருக்க முடியுமா? இதுதான் எங்கள் திட்டம். முட்டாள்தனமாக இருக்கலாம். வேறு திட்டம் யாரிடமும் இல்லை.

பிரிவு எழுத்தர் எங்களை உட்காரவைத்தார், தண்ணீர் கொடுத்தார், படிவத்தைத் தானே எடுத்துக் கொடுத்தார். அவரைப்போல மரியாதையான மனிதரை நான் அரசாங்க ஆபீஸில் பார்த்ததில்லை.

"குழுவுல எத்தன பேரு?"

"மூணு பேரு சார்."

"மூணு பேரும் என் முன்னாடி கையெழுத்துப் போடணும். தாளக் கலைஞர் எங்க?"

"சுரங்கத்துக்குள்ள சார்."

எழுத்தர் ஒரு கோப்பைப் புரட்டினார். "சுரங்கத்துக்குள்ள யாரும் இல்லன்னு சுற்றறிக்கை வந்திருக்கே."

"அது பொய்னுதான் சார் பாட்டே."

"தாராளமாப் பாடுங்க. அதுக்குத்தான வாரியம் இருக்கு. ஆனா அவர் வந்து கையெழுத்துப் போடணும்."

"அவன் வந்து கையெழுத்துப் போட முடிஞ்சா எங்களுக்கு எதுக்கு சார் பாட்டு?"

எழுத்தர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உண்மையாகவே யோசித்தார். "நியாயமான கேள்விதான்," என்றார். "படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல."

கையெழுத்துக்காகக் கோப்பு காத்திருக்கட்டும், மற்ற வேலைகள் அதுபாட்டுக்கு நடக்கட்டும் என்று அவரே ஒரு வழி சொன்னார். பாட்டின் வகை, சொற்கள், தாளம் எல்லாவற்றையும் பதிவு செய்தார். பதிவு செய்த தாளம்: ஏழு தட்டு. முத்திரை குத்தினார். வெள்ளிக்கிழமை வந்தது, போயிற்று. அரங்கத்தில் வேறொரு குழு கொசுவை எதிர்த்துப் பாடியது.

சனிக்கிழமை காலை குழாயில் ஆறு தட்டு வந்தது.

தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்து ஸ்பேனரால் ஏழு தட்டினேன். உள்ளே கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மெதுவாக, எனக்குப் புரியவேண்டும் என்பதுபோல, ஆறு. தம்பி மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் நகர்ந்து இடம் விட்டேன். அவளே காதை வைத்துக் கேட்டாள். பிறகு உருட்டல் வந்தது. அதைக் கேட்டதும் இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டோம். யாரோ ஒருவர் செத்திருக்கிறார், அது நம் ஆள் இல்லை என்று மனசு நிம்மதிப்பட்டது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

வாரியத்தில் எழுத்தர் பதறிப்போனார்.

"என்ன பிளம்பர் இப்படிப் பண்ணிட்டீங்க? ஏழு தட்டுன்னு பதிவாகியிருக்கு. இப்ப ஆறுன்னா எப்படி? தாள மாற்ற விண்ணப்பம் போடணுமே!"

விண்ணப்பத்தில் 'ஏழு இனி ஆறு' என்று எழுதியதும், அடுத்து 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன எழுதுவது என்று கேட்டேன். உண்மையை எழுதுங்கள், கட்டம் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என்றார். 'உள்ளே ஒருவர் குறைந்துவிட்டார்' என்று எழுதினேன். எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று விரலை வைத்துச் சரிபார்த்தார். நிரம்பியிருந்தது. 'பார்வையிட்டேன், ஏற்கப்பட்டது' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, முத்திரை குத்தினார். அந்த ஆபீஸில் கட்டம் நிரம்பியிருந்தால் போதும், உள்ளே இருப்பதை யாரும் படிப்பதில்லை.

அன்றே துணை இயக்குநரைப் பார்க்கவும் ஏற்பாடு செய்தார். துணை இயக்குநரின் அறையில் பெரிய மேஜை, அதன்மேல் சின்னதாக ஒரு வெள்ளிக் கிடார்.

"எதிர்ப்புப் பாட்டு இல்லாத நாடு ஒரு நாடா?" என்று ஆரம்பித்தார். நாங்கள் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. "காலேஜ் நாள்ல நானே ரெண்டு எழுதியிருக்கேன். இன்னும் பீரோவுல பூட்டி வச்சிருக்கேன். இன்னிக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் பாடிக் காட்டினதில்ல. அதுக்குப் பேர்தான் கட்டுப்பாடு. முன்னெல்லாம் யார் வேணாலும் தெருவுல நின்னு பாடினாங்க. என்ன ஆச்சு? ஜனங்க கேட்டாங்க. கேட்டுட்டு சும்மா போனாங்களா? கேள்வி கேட்டாங்க. பதில் சொல்ல வேண்டியவங்களுக்கு எவ்வளவு மன உளைச்சல்! இந்த வாரியம் வந்தப்புறம் எதிர்ப்புப் பாட்டு விண்ணப்பம் முந்நூறு மடங்கு பெருகியிருக்கு. புகார்? ஒண்ணு கூட இல்ல."

"ஒலிபரப்பானது எத்தனை சார்?" என்றாள் கிடார்க்காரி.

"அது வேற பிரிவும்மா."

தம்பி மனைவி முன்னால் வந்தாள். "சார், பம்ப் ரூம் பக்கத்துலதான் இருக்கு. ஒரே ஒரு தடவ வந்து காத வச்சுக் கேளுங்க சார். ஒரு நிமிஷம் போதும்."

துணை இயக்குநர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "நான் கேட்டுட்டா என்னம்மா ஆகும்? நான் சாட்சி ஆயிடுவேன். சாட்சி ஆயிட்டா அப்புறம் எப்படி நடுநிலையா இருக்க முடியும்?"

ஞாயிற்றுக்கிழமை வாரியத்துக்கு விடுமுறை. அது உண்மையான விடுமுறை. அன்று ஐந்து தட்டு. திங்கட்கிழமை நான்கு. 'ஞாயிறு ஒருவர், திங்கள் ஒருவர்' என்று எழுதினேன். ஒரே விண்ணப்பத்தில் இரண்டு தட்டைக் குறைப்பது முறையில்லை, இந்த ஒரு முறை உங்களுக்காக விடுகிறேன் என்று எழுத்தர் முத்திரை குத்தினார். அவரே மை ஒற்றியும் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை சொல் வல்லுநர் குழு கூடியது. மூன்று பேர், மூன்று கண்ணாடி. 'உள்ளே' என்பது இடம் பற்றிய குற்றச்சாட்டு என்றார் ஒருவர். 'ஏழு பேர்' புள்ளிவிவரம், அதற்குப் புள்ளிவிவரத் துறையின் கடிதம் வேண்டும் என்றார் அடுத்தவர். 'தோண்டுங்கடா' என்பதில் மரியாதை இல்லை என்று மூவருமே வருத்தப்பட்டார்கள். மூன்று மணி நேரம் உழைத்து எங்களுக்காக இப்படித் திருத்திக் கொடுத்தார்கள்:

ஆங்காங்கே சிலபேர், ஊருக்கு நல்லவரே,
தட்டும் கை மகிழும் வண்ணம் வாழ்த்துங்கள் மலையை.

"எதிர்ப்புக் கொஞ்சமும் கெடல பாருங்க," என்றார் மூத்த கண்ணாடி. "ஆனா யாருக்கும் வலிக்காது."

எதிர்க்கப்படுபவரின் தடையில்லாக் கடிதமும் வேண்டும் என்றார்கள். சுரங்கக் கம்பெனி அதைப் புதன்கிழமை காலையிலேயே அனுப்பிவிட்டது. 'உள்ளே எவரும் இல்லாத காரணத்தால் இப்பாடல் எங்களைக் குறிக்க வாய்ப்பில்லை. கலைஞர்களுக்கு வாழ்த்துகள்.' எங்கள் கோப்பிலேயே தாமதமில்லாமல் வந்த காகிதம் அது ஒன்றுதான்.

அன்று இரண்டு தட்டு. விண்ணப்பம் போட்டேன். காரணம்: இருவர் குறைந்தனர். முத்திரை.

வியாழக்கிழமை ஒரே ஒரு தட்டு. நீண்ட நிறுத்தம். மறுபடி ஒன்று. உருட்டல் இல்லை. உருட்ட இரண்டு கை வேண்டும், கையில் தெம்பு வேண்டும். ஆனால் அந்த ஒன்று டப்பாதான் என்று தம்பி மனைவி சொன்னாள். தொட்டியில் குளுக்கோசை இரண்டு மடங்காகக் கரைத்தாள். "அனுப்புங்க மாமா, நிறைய அனுப்புங்க," என்றாள். நிறைய அனுப்பினால் குடிக்கவா முடியும்? அனுப்பினேன்.

வாரியத்துக்கு ஓடினேன். நடக்கவில்லை, ஓடினேன்.

"சார், தாளத்தையே எடுத்துடுறேன். அவன் பேரையும் எடுத்துடுங்க. தாளம் இல்லாமலே பாடிக்கிறோம். நாளைக்கு மேடை மட்டும் குடுங்க சார். நீங்க மாத்துன வரியையே பாடுறேன். மலைய வாழ்த்துறேன். நடுவுல ஒரே ஒரு தடவ 'ஆள் இருக்கு'ன்னு கத்திக்கிறேன். உங்க கால்ல விழறேன்."

நான் நிஜமாகவே விழுந்தேன். எழுத்தர் பதறி எழுப்பினார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

"ஒரு கலைஞரோட சம்மதம் இல்லாம அவர் தாளத்த நீக்க முடியாது பிளம்பர். அவர் உரிமை என்ன ஆகுறது? நீக்கணும்னா அவரே வந்து எழுதிக் குடுக்கணும். கலைஞர்களப் பாதுகாக்கத்தான இந்த வாரியமே!" என்றார். பிறகு ஒரு விண்ணப்பத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். "இப்ப எத்தன தட்டு? ஒண்ணா? எழுதுங்க."

எழுதினேன். காரணம்: ஒருவர் குறைந்தார். என் தம்பி மட்டும் இருக்கிறான்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குத் தம்பி மனைவி குழாயில் காதை வைத்திருந்தாள். நான் தொட்டியைக் கலக்கிக்கொண்டிருந்தேன். கிடார்க்காரி ஒரு செல்போனைக் குழாயில் கட்டிக்கொண்டிருந்தாள். எப்படியும் இன்றைக்கு அனுமதி கிடைக்கும் என்று அவள் இன்னும் நம்பினாள். தம்பி மனைவி சட்டென்று கையை உயர்த்தினாள். நாங்கள் அசையாமல் நின்றோம். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு நாற்பது. பிறகும் காதை எடுக்கவில்லை. நான் ஸ்பேனரால் ஒன்று தட்டினேன். ஏழு தட்டினேன். குழாய் நசுங்கும்வரை தட்டினேன். ஒன்பது மணிக்குக் கிடார்க்காரி என் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கினாள்.

அதற்குப் பிறகு வாரியத்துக்கு எதற்குப் போனோம் என்று தெரியவில்லை. ஒன்பது நாளாகக் கால் அந்தப் பக்கம் போய்ப் பழகியிருந்தது. விண்ணப்பத்தை இந்த முறை தம்பி மனைவி வாங்கி எழுதினாள். எழுத்தர் விரலை வைத்துச் சரிபார்த்தார். தட்டு: இல்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"தாளம் தானாவே நின்னுபோச்சா? அப்படின்னா சம்மதம் வேணாமே! விதி பதினொண்ணு. தாளம் இல்லன்னா தாளக் கலைஞர் இல்ல. தாளக் கலைஞர் இல்லன்னா கையெழுத்துப் பாக்கி இல்ல. கோப்பு முழுமையாயிடுச்சு பிளம்பர்!"

"எத்தன மணிக்கு நின்னுச்சுன்னு நீங்களும் ஒரு வரி எழுதுங்க சார்," என்றாள் தம்பி மனைவி.

"தாராளமா." எழுத்தர் தன் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'காலை ஆறு நாற்பதுக்குத் தாளம் நின்றது. அதுவரை இருந்தது. உறுதி செய்கிறேன்.' முத்திரை குத்தினார். அனுமதிச் சான்றிதழை நீட்டினார். "இன்னிக்கே மேடை காலியா இருக்கு. ஒண்ணே ஒண்ணு. கோப்புல முத்திரை வச்ச பக்கத்துல இருக்குற வார்த்தைய மட்டும்தான் பாடணும். ஒரு எழுத்து மாறினாலும் ஒலிபரப்ப நிறுத்திடுவாங்க."

"முத்திரை வச்ச எல்லாப் பக்கமும் பாடலாமா சார்?"

"எல்லாப் பக்கமும்மா. அது உங்க உரிமை," என்றார் எழுத்தர்.

பன்னிரண்டரைக்கு மேடை ஏறினோம். முன்வரிசையில் துணை இயக்குநர், மூன்று கண்ணாடிகள். ஓரத்தில் ஒலிபரப்புத் தொழில்நுட்பக்காரர், கையில் எங்கள் கோப்பின் நகல், விரல் நிறுத்தும் பொத்தான்மேல். கிடார்க்காரி ஒரே தந்தியை மீட்டினாள். நான் பாடினேன்.

பதிவு செய்த தாளம், ஏழு தட்டு.
ஏழு இனி ஆறு. காரணம், உள்ளே ஒருவர் குறைந்துவிட்டார்.
பார்வையிட்டேன், ஏற்கப்பட்டது.
ஆறு இனி நான்கு. காரணம், ஞாயிறு ஒருவர், திங்கள் ஒருவர்.
பார்வையிட்டேன், ஏற்கப்பட்டது.

தொழில்நுட்பக்காரர் வரிக்கு வரி விரல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். ஒரு எழுத்துகூட மாறவில்லை. நிறுத்த அவருக்கு விதி இல்லை. துணை இயக்குநர் கொஞ்ச நேரம் தலையாட்டினார். 'நான்கு இனி இரண்டு' வந்தபோது தலையாட்டுவதை நிறுத்தினார். பக்கவாட்டில் நின்றிருந்த எழுத்தர் முதலில், தன் வாக்கியம் பாட்டாக ஒலிப்பதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு ஒவ்வொரு 'ஏற்கப்பட்டது'க்கும் ஒரு அடி பின்னால் போனார். கடைசியில் சுவர் வந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டார். இத்தனை நாளில் முதல் முறையாக அவர் அதைப் படித்தார் என்று சொல்லவேண்டும்.

'என் தம்பி மட்டும் இருக்கிறான்' என்ற இடத்தில் என் குரல் போய்விட்டது. கடைசிப் பக்கத்தைத் தம்பி மனைவி பாடினாள். அவள் அதற்கு முன் எங்கேயும் பாடியதில்லை. ராகம் எதுவும் இல்லாமல், கடையில் சீட்டைப் பார்த்து மருந்தின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னாள். காலை ஆறு நாற்பதுக்குத் தாளம் நின்றது. அதுவரை இருந்தது. உறுதி செய்கிறேன்.

சுரங்க வாசலில் இயந்திர ஓட்டுநர் ரேடியோவில் இதைக் கேட்டார். யாரிடமும் ஆர்டர் கேட்கவில்லை. தடுக்க வந்த காவலாளியைத் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பாறைத் தூள் பறந்துகொண்டிருந்தது. ஊரே வந்து மண்ணை அள்ளிக் கொட்டியது. மூன்று மணி நேரம் ஐம்பது நிமிடத்தில் உள்ளே வழி திறந்துவிட்டது. அவ்வளவுதான் வேலை. மூன்று மணி நேரம் ஐம்பது நிமிடம்.